இரண்டு நைலான் புஷ்

என்னிடம் ஒரு வண்டி இருக்கிறது. அதற்கு ஒரே சக்கரம். ஹேண்டில் கிடையாது, சீட் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மிதி. அதில் ஏறி நின்று உடம்பை முன்னால் சாய்த்தால் போகும், பின்னால் சாய்த்தால் நிற்கும். எலக்ட்ரிக் யூனிசைக்கிள் என்பார்கள். சந்தாபுராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் எனக்கு ‘சர்க்கஸ்’ என்று பெயர். நாற்பத்தாறு வயதில், தலையில் ஹெல்மெட்டும் முட்டியில் கவசமும் முதுகில் சாப்பாட்டுப் பையுமாக ஒற்றைச் சக்கரத்தில் வேலைக்குப் போகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பால் ஊற்றுகிறவர் முதல் ஒரு மாதம் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஏன் அதில் ஏறினேன் என்பது என் இடுப்புக்குத்தான் தெரியும். டிஸ்க் ஒன்று நகர்ந்திருக்கிறது. உட்கார்ந்தால் வலிக்கும், நின்றால் வலிக்காது. பைக்கில் பத்து நிமிஷம் போய் இறங்கினால் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பேன். அந்தச் சமயத்தில் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர்க்காரர் வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டுச் சாமான்களையெல்லாம் கழித்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் பார்க்கப் போன நான் இதை வாங்கிக்கொண்டு வந்தேன். “சஸ்பென்ஷன் மட்டும் சரியில்லை, பார்த்துக்கங்க” என்றார். அப்படிச் சொன்னதற்கே அவரை நல்ல மனுஷன் என்று சொல்ல வேண்டும். விற்கும்போது குறையைச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்து பொம்மசந்திராவில் நான் வேலை செய்யும் ஃபேக்டரி நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டரில் எத்தனை ஹம்ப், அதாவது வேகத்தடை, என்று எண்ணிப் பார்த்து வெறுத்துப் போய் விட்டுவிட்டேன். இந்த ஊரில் வீடு கட்டி முடித்தால் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வாசலில் ஒரு ஹம்ப் போட்டுவிடுகிறார்கள். ஹம்ப் இல்லாத இடத்தில் பள்ளம். பள்ளத்தை மூடிய இடத்தில், மூடியதே ஒரு ஹம்ப். சஸ்பென்ஷன் வேலை செய்யாத ஒற்றைச் சக்கரத்தில் இதன் மேல் போவதென்றால், ஒவ்வொரு அடியும் குதிகாலில் ஏறி நேராக அந்த டிஸ்க்கில் போய் உட்காரும். வலிக்குப் பயந்து வாங்கிய வண்டி, வலியைத் தவணை தவணையாகக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்தேன். நான் தர ஆய்வுக்காரன், ஃபேக்டரி பாஷையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளப்பதும் குறை கண்டுபிடிப்பதும்தான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. பார்த்தால் ஷாக் அப்சார்பர் நன்றாகவே இருந்தது. கோளாறு வேறு இடத்தில். நாம் நிற்கிற மிதிகள் இரண்டும் சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள இரண்டு இரும்புக் குழாய்களின் மேல் ஏறி இறங்க வேண்டும். குழாய்க்கும் அதைச் சுற்றியிருக்கிற கூட்டுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் வளையம். புஷ் என்போம். அந்த இரண்டு புஷ்ஷும் தேய்ந்து கோணலாகி, சின்ன மேட்டுக்கு இறங்காமல் பிடித்துக்கொண்டும், பெரிய மேட்டுக்கு ‘டக்’கென்று அடித்துக்கொண்டும் இருந்தன. போதாததற்கு ஷாக்கைத் தாங்குகிற தகடும் வளைந்திருந்தது.

தகட்டை நானே செய்தேன். கழிவில் கிடந்த தடித்த அலுமினியத் துண்டை வாங்கி வந்து, பால்கனியில் உட்கார முடியாமல் மண்டி போட்டு ரம்பத்தால் அறுத்து, மூன்று வாரம் அரம் போட்டு ராவினேன். தூசி போகாமல் இருக்க, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் குழாய்களுக்கு உறை மாட்டினேன். என் மனைவி துணி காயப்போட வரும்போதெல்லாம் அலுமினியத் தூளைக் காட்டி, “ஏங்க, வூட்டுக்கு ஒரு தகடு அடிச்சு மாட்டுங்க, சர்க்கஸ் கம்பெனின்னு” என்பாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஃபேக்டரியில் அடுத்தவன் செய்ததை அளக்கிறேனே தவிர நான் ஒன்றும் செய்வதில்லை. கையால் ஒன்றைச் செய்து அது பொருந்துவதைப் பார்க்கிற சுகமே வேறு.

புஷ்ஷை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. அதற்குக் கடைசல் மெஷின், அதாவது லேத், வேண்டும். லேத் என்றால் எனக்கு அவன்தான்.

அவன் எங்கள் டர்னர், லேத்தில் கடைகிறவன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். கோலார் தங்கவயலிலிருந்து வந்தவன், நானும் அங்கிருந்து வந்தவன்தான். அதனால் சேர்ந்த நாளிலிருந்தே என்னை ‘ணா’ என்பான், நான் அவனை ‘டா’ போடுவேன். ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தான். எங்கள் ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை. கேன்டீனில் தட்டு ஒன்று, சாம்பார் ஒன்று, சட்டையைப் பார்த்துத்தான் யார் எந்த மேஜை என்று தெரியும். ஒன்பது வருஷம் கழித்து அந்த மாதம்தான் பெர்மனென்ட் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது. மூன்றே பெயர். ஸ்டோரில் நீலச் சட்டைக்கு அளவுகூட எடுத்துவிட்டார்கள். தோள் அளவு எடுத்த அன்று என் மேஜைக்கு வந்து, “ணா, கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லிக்கினேன். இனிமே தொப்பை போடும் இல்ல?” என்று சிரித்தான்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் ஃபேக்டரியில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டேக் கட்டுவோம். அளவு சரி என்றால் பச்சை. தப்பு என்றால் சிவப்பு. தப்புதான், ஆனால் கொஞ்சம்தான், பார்த்து முடிவு செய்யலாம் என்றால் மஞ்சள். மஞ்சள் டேக்கில் கீழே ஒரு கட்டம் இருக்கும், ‘டீவியேஷன்’ என்று. அங்கே இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் தப்பான பாகம் சரியான பாகம் ஆகிவிடும். லாரி வாசலில் நிற்கும், மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார், “போடுங்க, போடுங்க, ஓடிடும்” என்பார், நான் போடுவேன். அன்று முழுக்க வாயில் கசப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து மனைவியிடம், நான் இன்ஸ்பெக்டர் இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் என்று கத்துவேன். இதையெல்லாம் நினைத்துத்தான் அந்த வண்டியில் ஒரு அளவுகூட பிசகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

அவனுடைய வழக்கம் என்னவென்றால், சொந்த வேலைக்கும் டேக் கட்டுவான். சொந்த வேலை என்பது எல்லா ஃபேக்டரியிலும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மெஷினில் யாருக்காவது ஃபேன் புஷ், மிக்ஸி கப்ளிங், குக்கர் கைப்பிடி என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மேனேஜர் வீட்டு இரும்புக் கேட்டுக்குக் கீல் பின் கடைந்து கொடுத்ததும் அவன்தான். அதற்கும் டேக் கட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கினான். எல்லோரும் கிண்டல் செய்வோம். “கையெழுத்து இல்லாம என் மெஷின உட்டு ஒண்ணும் போவாது ணா” என்பான். அந்த டேக்கை மடித்துச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான்.

நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் லேத் பக்கம் போனேன். இரண்டு வெள்ளைப் புஷ்ஷும் தயாராக இருந்தன, கூடவே மஞ்சள் டேக்கும் இருந்தது.

“இன்னாடா மஞ்சள்?”

“நீ கேட்ட டெல்ரின் பிளாஸ்டிக் ராடு ஸ்டாக் இல்ல ணா. வியாழக்கெழமை வந்துரும். இது நைலான். பாக்க ரெண்டும் ஒரே வெள்ளை, ஆனா நைலான் தண்ணி குடிக்கும். மழையில ஊதிப்புடும். அதுவும் கடையும்போது சூடாகி, ஆறினதும் உள் அளவு சுருங்கிக்கினு அம்பது மைக்ரான் கம்மி ஆயிருக்குது. சும்மா மாட்டிப் பாக்கறதுக்குத்தான் எடுத்தேன். ஓட்டாத. வியாழக்கெழமை புதுசு தர்றேன்.”

ஐம்பது மைக்ரான் என்பது தலைமுடியைவிட மெல்லிசு. ஆனால் குழாய்க்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நான் கேட்ட இடைவெளியே நூறுதான். பாதி காணாமல் போயிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பிழைப்பே அதுதான்.

ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் மாதத்துக்கு ஒருமுறை காலையில் இந்த வண்டிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி ஓட்டுவார்கள். எல்லாம் சாஃப்ட்வேர்ப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பெரிய புது வண்டி. போன தடவை என் வண்டி ஒவ்வொரு ஹம்ப்புக்கும் ‘டக்’கென்று அடித்தபோது ஒருவன் திரும்பிப் பார்த்து, “அங்கிள், ஸ்பேர் பார்ட்ஸ் கீழ விழுது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு மாதமாக என் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமை வரை பொறுக்க என்னால் முடியவில்லை.

“ஒரு நாள்தானேடா. மழையும் இல்ல. ஓடிடும்” என்றேன். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்கிற அதே சொல். அப்போது அது என் காதில் விழவில்லை.

அவன் டேக்கை நீட்டினான். டீவியேஷன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவனே மாட்டிக் கொடுத்தான். பால்கனியில் கீழே உட்கார்ந்து, நான் ராவிய தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அரம் போட்டே இவ்ளோ மட்டம் வந்துக்குதே ணா” என்று மனசாரச் சொன்னான். புஷ் குழாயில் கச்சிதமாக இறங்கியது. மிதியை அமுக்கினால் சத்தமே இல்லாமல் இறங்கி, சத்தமே இல்லாமல் ஏறியது. இறுக்கமாக இருந்ததால்தான் அந்த அமைதி. எனக்கு அது என் திறமை என்று தோன்றியது. டீ கொண்டுவந்த என் மனைவியிடம் அவன், “அண்ணி, மழை வந்தா ஓட்ட உடாதீங்க. வியாழக்கெழமை மாத்திடறேன்” என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வாழ்க்கையின் மிகச் சிறந்த காலைகளில் ஒன்று. வெயில் பளிச்சென்று இருந்தது. நான் ஹம்ப்புகளைத் தேடித் தேடிப் போய் ஏறினேன். உடம்பு அசையவில்லை. போன மாதம் சிரித்தவனே வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது எங்க வாங்கினீங்க?” என்றான். “நானே செஞ்சேன்” என்றேன். “புஷ்ஷுமா?” என்றான். “எல்லாமே” என்றேன். அவர்கள் மொபைலில் படம் எடுத்தார்கள். டர்னர் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். எனக்கு அந்த அரை நிமிஷம் இல்லை.

திங்கட்கிழமையும் அந்த வண்டியிலேயே வேலைக்குப் போனேன். லேத் பக்கமிருந்து அவன் பார்த்தான், கையால் ‘இன்னா ணா’ என்று கேட்டான். நான் கட்டை விரலைக் காட்டினேன். அன்று ராத்திரி முழுக்க மழை. பால்கனியில் வண்டி நனைந்துகொண்டிருந்ததை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டிருந்தது. வாசலில் மனைவி, “பஸ்ல போங்களேன்” என்றாள். “மழைதான் விட்டுடுச்சே” என்றேன்.

பாதி வழியிலேயே மிதி பிடிக்க ஆரம்பித்தது தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். ஃபேக்டரி கேட்டுக்கு ஐம்பதடி முன்னால் கடைசி ஹம்ப். சக்கரம் ஏறும்போது இரண்டு பக்க மிதியும் இறங்கின. இறங்கும்போது வலது பக்கம் மட்டும் ஏறியது, இடது பக்கம் நைலான் ஊதிப் பிடித்துக்கொண்டது. காலுக்குக் கீழே தரை சாய்ந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்துக்கு முன்னால் செக்யூரிட்டியின் பூட்ஸ். மணிக்கட்டு உடைந்துவிட்டது. வண்டி தனியாகப் போய்ச் சுவரில் மோதி, பக்கவாட்டுக் கூடு திறந்து, அந்த வெள்ளைப் புஷ் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே வந்து கிடந்தது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, கட்டுப் போட்ட கையோடு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலைக்கு வரும் வழியில், கேட்டுக்கு முன்னாலேயே நடந்த விபத்து என்பதால் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். மேனேஜரின் மேஜை மேல் அந்தப் புஷ் இருந்தது. கம்பெனி ராடுதான் என்று ஸ்டோர்காரர் அடையாளம் சொல்லியிருந்தார். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவன் சாம்பல் சட்டையில் எனக்குப் பக்கத்தில் நின்றான்.

மேனேஜர் கன்னடத்துக்காரர். “ஏனாய்த்து ரீ?”, என்ன ஆச்சு என்று என்னைப் பார்த்து ஆரம்பித்து, தமிழுக்கு வந்தார். “கம்பெனி மெஷின்ல சொந்த வேலை. இப்போ ஆக்ஸிடென்ட். மேல இருந்து என்னைக் கேக்கறாங்க. சொல்லுங்க, இது யார் பண்ணது?”

அவர் வீட்டுக் கேட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். என்னால் முடிந்திருக்கும், நான் நீலச் சட்டை.

“இவன்தான் கடைஞ்சான்” என்றேன்.

“அளவு சரியா இருந்துச்சா?”

“கம்மி.”

“நீங்க இன்ஸ்பெக்டர். நீங்க செக் பண்ணலையா?”

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒரே வார்த்தை. அது வாய்வரை வந்தது. அதற்குள், பதினாறு வருஷம், வீட்டு வாடகை, இந்த இடுப்போடு வேறு எவன் வேலை கொடுப்பான் என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றுகொண்டன. “அவனே செக் பண்ணிக் கொடுத்திருப்பான்னு நம்பிட்டேன் சார்” என்றேன்.

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். “இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொடுத்தியா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் என் கையில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஓரக்கண்ணில் தெரிந்தது, அவன் கை சட்டைப் பைக்குப் போனது. பேனாவைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் கீழே இறங்கிவிட்டது.

“சொந்த வேலைக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஏது சார்” என்றான்.

அத்தோடு முடிந்துபோனது. பட்டியலில் மூன்று பெயர் இரண்டு பெயராயிற்று. அடுத்த நாளிலிருந்து இந்த ஆளை அனுப்ப வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், கை ஆறும்வரை லீவு. மேனேஜர் தோளில் தட்டி, “ரெஸ்ட் எடுங்க” என்றார். டெல்ரின் ராடு அன்று சாயங்காலம் ஸ்டோருக்கு வந்து சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவன் அந்த டேக்கை எறிந்திருப்பான், அதனால்தான் காட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் ஆறு வாரம் இதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.  ஒரு நாள் என் மனைவி எனக்குச் சோறு பிசைந்து வைத்துக்கொண்டே, “மழையில ஓட்டாதன்னு என் கிட்டயே சொல்லிட்டுத்தானே போனாரு அவரு?” என்றாள். “உனக்கு ஃபேக்டரி விஷயம் தெரியாது” என்று எரிந்து விழுந்தேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். இன்று வரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் ஸ்டோரில் ஒரு நீலச் சட்டையைப் பார்த்தேன். அவனுக்கென்று தைத்து வந்துவிட்டதை என்ன செய்வது என்று, அதே உடல்வாகுள்ள வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவருக்கும் கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். “உங்களுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லி, போன ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போனாரு, நம்ம டர்னரு” என்று ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டியிருந்தது. வீட்டுக்கு வரும்வரை நான் அதைப் பிரிக்கவில்லை.

உள்ளே இரண்டு புஷ் இருந்தன. இரண்டும் டெல்ரின். வெர்னியரை எடுத்து அளந்தேன். நான் வரைந்த அளவுக்கு அப்படியே இருந்தன. திருப்பி அளந்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வெறியே வந்தது. ஒன்றாவது தப்பாக இருக்க வேண்டும், ஒரு ஓரமாவது பிசிறு இருக்க வேண்டும் என்று விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

புஷ்ஷுக்கு அடியில் அந்த மஞ்சள் டேக் இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் அழுக்கேறி, ஓரத்தில் பேனா மை கசிந்திருந்தது. ‘நைலான். உள் அளவு 50 கம்மி. மழையில் கூடாது. டெல்ரின் வந்ததும் மாற்ற வேண்டும்’ என்று அவன் கோணல் எழுத்து. கீழே டீவியேஷன் கட்டத்தில் என் கையெழுத்து. அன்று அந்த அறையில் அவன் கை போன இடத்தில்தான் இது இருந்திருக்கிறது. எடுத்து மேஜை மேல் வைத்திருந்தால் போதும். நீலச் சட்டை அவனுடையதாகியிருக்கும், என்னுடையது போயிருக்கும்.

வேறு ஒரு வரி இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. திட்டி எழுதியிருக்கிறானா என்று செய்தித்தாளைக்கூடப் பிரித்துத் தேடினேன். என்ன மாதிரியான ஆள் இவன் என்று கோபம்தான் வந்தது. அவன் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்தது.

ஒரு வாரம் அவற்றைத் தொடவில்லை. பஸ்ஸில் போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டாம் நாள் எடுத்து மாட்டினேன். என் வெட்கம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் ஏழு நாள் என்று கணக்காகச் சொல்லிவிடுவேன்.

இப்போது தினமும் அதில்தான் போகிறேன். மழையோ வெயிலோ, அது பிடிப்பதில்லை. ஹம்ப் வருவது கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரிவதில்லை. கீழே விழுந்த அந்தக் கடைசி ஹம்ப்பில்கூடப் பையில் இருக்கும் ரசம் சிந்துவதில்லை. யாராவது நிறுத்தி, “சார், சஸ்பென்ஷன் சூப்பரா இருக்கே, யார் பண்ணது?” என்று கேட்டால், டர்னர் ஒருத்தர் என்கிறேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஃபேக்டரியில் மஞ்சள் டேக் வந்துகொண்டுதான் இருக்கிறது. லாரி நிற்கிறது, மேனேஜர் நிற்கிறார், நான் போடுகிறேன்.

அந்தப் புஷ்ஷை மாட்டிய மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அவனுக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று மூன்று தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓசூரில் ஒரு சின்ன ஷாப்பில் சேர்ந்திருந்தானாம், மறுபடியும் காண்ட்ராக்ட்தான்.

“சொல்லுங்க சார்” என்றான்.

ஒன்பது வருஷமாக என்னை அவன் சார் என்றதே இல்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. “கிடைச்சுது... அந்தப் பொட்டலம்” என்று மட்டும் சொன்னேன்.

மெஷினை நிறுத்தினான் போலிருக்கிறது, சத்தம் அடங்கியது. நான் பேசுவேன் என்று அவன் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.  கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே, இன்ஸ்பெக்டரிடம் எல்லா டர்னரும் கேட்கிற மாதிரி, கேட்டான்.

“சைஸ் சரியா இருந்துச்சா சார்?”

“இருந்துச்சு” என்றேன்.

“சரி சார்” என்று வைத்துவிட்டான்.